மகளைப் பற்றிப் பத்து வாக்கியங்கள்

அக்டோபர் 3, வியாழன்

போலிஷ் வகுப்புக்கு வாங்கிய நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து இதை எழுதுகிறேன். முன்பக்கம் வீட்டுப்பாடம். இரண்டும் நடுவில் எங்காவது முட்டிக்கொள்ளும்போது புது நோட்டு வாங்கலாம்.

தாரகையின் காதுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. நன்றாகக் கேட்கிறதாம். டாக்டர் சிரித்தபடி, "இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்றார். காரில் வரும்போது இவர், "நல்ல சேதிதானே? எதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க?" என்று கேட்டார்.

நல்ல சேதிதான். காது கேட்கிறது என்றால் நான் சொல்வதெல்லாம் அவளுக்குள் போகிறது. அவள் பிறந்து மூன்று வருடம் இரண்டு மாதமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றும் திரும்பி வரவில்லை.

கரூரிலிருந்து போலந்தின் இந்த வ்ரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்தபோது அவளிடம் மூன்று சொற்கள் இருந்தன. அம்மா, பூ, காக்கா. இங்கே வந்து இரண்டு வருடத்தில் அந்த மூன்றும் போய்விட்டன. எந்த வாரத்தில் போயின என்றுகூட எனக்குத் தெரியவில்லை. எம்.எஸ்சி. கணக்குப் படித்தவள். எல்லாவற்றையும் எண்ணுகிறவள். அதை மட்டும் எண்ணாமல் விட்டிருக்கிறேன்.

மாவு புளிக்கவே மாட்டேன் என்கிறது. ஓவன் அடுப்புக்குள் வைத்து, அதன் விளக்கை மட்டும் போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

வகுப்பு நூலகத்தில், குழந்தைகள் பகுதிக்குப் பின்னால். நாங்கள் ஆறு பெண்கள். சொல்லித் தருகிற மக்தா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், என்னைவிட ஆறு வயது சின்னவள், மூக்குத்தி போட்டிருக்கிறாள். முதல் நாளே அதைப் பார்த்துக் கொஞ்சம் தைரியம் வந்தது.

இன்று பலகையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் எழுதினாள். 'கெட்'. "நீங்கள் எல்லாரும் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டுப் போலிஷுக்கு வருகிறீர்கள். இந்தச் சொல்தான் உங்களை ரொம்பக் கஷ்டப்படுத்தும்" என்றாள். கடிதம் கிடைத்தால் 'தொஸ்தாச்'. கடையில் வாங்கினால் 'கூபிச்'. போய் எடுத்து வந்தால் 'ப்ஷினெஷ்ச்'. புரிந்தால் 'ஸ்ரொஸூமியெச்'. பேருந்தைப் பிடித்தால் ஒன்று, வீடு போய்ச் சேர்ந்தால் ஒன்று, படுக்கையை விட்டு எழுந்தால் இன்னொன்று. பலகை நிரம்பி ஓரத்தில் செங்குத்தாக எழுதத் தொடங்கினாள்.

பக்கத்து நாற்காலிக்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்கு மட்டும் ஏனோ லேசாக இருந்தது. கிடைத்தது, வாங்கினேன், எடுத்து வந்தேன், புரிந்தது, போய்ச் சேர்ந்தேன். நமக்கும் தனித்தனியாகத்தானே இருக்கிறது? சாம்பாருக்கும் பாயசத்துக்கும் ஒரே கரண்டியைப் போடுவது ஆங்கிலம்தான். நான் இத்தனை நாளாகத் தமிழிலிருந்து அங்கே போய், அங்கிருந்து சுற்றிக்கொண்டு இங்கே வந்திருக்கிறேன்.

கடைசியாக, 'எனக்குக் குளிர ஆரம்பிக்கிறது' என்பதற்கு மக்தா எழுதியது: 'ரோபி மி ஷியே ஜிம்னோ'. அந்த 'மி' என்றால் 'எனக்கு'. ஆங்கிலக்காரர்களுக்குத்தான் இது விசித்திரம் என்று அரை மணி நேரம் விளக்கினாள். நான் நோட்டில் ஒரு வரி எழுதினேன்: எனக்குக் குளிருது. அவ்வளவுதான்.

வீட்டுப்பாடம்: உங்கள் அன்றாட வாழ்க்கையிலிருந்து 'கெட்' வரும் பத்து வாக்கியங்கள், எதிரே போலிஷில்.

அக்டோபர் 9

பத்தும் இருபது நிமிடத்தில் முடிந்தது. ஆறு மணிக்கு எழுகிறேன். அவளுக்குப் பால் எடுத்து வருகிறேன். அவளுக்குக் காலுறை எடுத்து வருகிறேன். அவளைத் தயார் செய்கிறேன். இப்படியே போகிறது.

சட்னி அரைத்தேன். துணி ரேடியேட்டர் மேல் காயவே இல்லை.

அக்டோபர் 14, திங்கள்

இவருடைய அக்கா பூங்கொடி அண்ணி வீடியோவில் வந்தார். கரூரில் மழலையர் பள்ளி நடத்துகிறவர். எண்பது குழந்தைகள்.

"ஏங்கண்ணு சுகந்தி, புள்ள இன்னும் வாயத் தொறக்கலையா?"

"இல்லீங்க அண்ணி. காது நல்லாக் கேக்குதுன்னு சொல்லிட்டாங்க."

"அது கேக்குமே. நான் சொன்ன மாதிரி இங்கிலீஷ்ல மட்டும்தான பேசறீங்க? தமிழு, போலிஷு எல்லாத்தையும் கலந்து உட்டுப்புட்டா புள்ள கொழம்பிப் போயிரும்."

"இங்கிலீஷ்தாங்க அண்ணி."

"டேய் நவநீதா, டிசம்பர்ல நம்ம பங்காளி ஊட்டுக் கல்யாணத்துக்கு வர்றயில்ல? வரும்போது தங்கத்தையும் கூட்டிட்டு வந்து இங்க உட்டுட்டுப் போ. மே மாசம் வரைக்கும் என்ர கூட இருக்கட்டும். நம்ம ஸ்கூலுக்கு வந்த ஊமைக்கோட்டானெல்லாம் இப்ப மைக்கப் புடுங்கிப் பாடுது."

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அலைபேசியை வைத்ததும் சொன்னார், "அக்கா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுல்ல? அங்கன்னா பத்துப் பேரு பேசுவாங்க. இங்க நாம ரெண்டு பேரு. நவம்பர் கடைசிக்குள்ள டிக்கெட் போட்டாச் சரி."

டிசம்பரிலிருந்து மே வரை. நூற்று எழுபது நாள்.

அவர் சொல்வதும் சரிதான். பாத்திரம் கிடந்தது, போய்க் கழுவினேன்.

அக்டோபர் 17, வியாழன்

மக்தா என் பத்து வாக்கியங்களைத் திருத்தித் தந்தாள். ஒரு தப்பும் இல்லை. ஆனாலும் கீழே சிவப்பில் ஒரு கோடு.

"சுகந்தி, பத்தும் 'நான்', 'நான்', 'நான்'. வினையின் வால் ஒன்றே ஒன்றுதான் உனக்குப் பழகியிருக்கிறது. ஆள் மாறினால் வால் மாறும். வேறு யாரையாவது வைத்து எழுது."

"யாரை?"

"யாரையாவது. உன் மகளை வைத்து எழுதேன். என் மகள் எடுக்கிறாள், என் மகள் கேட்டு வாங்குகிறாள்... உனக்கென்ன, சுலபம்."

அக்டோபர் 18, வெள்ளி

சுலபமில்லை.

என் மகள் பால் எடுத்து வருகிறாள். இல்லை, நான் எடுத்து வருகிறேன். என் மகள் காலுறை எடுத்து வருகிறாள். நான்தான். என் மகள் தயாராகிறாள். நான் தயார் செய்கிறேன், அவள் கை தூக்குகிறாள், சட்டை இறங்குகிறது.

பொய்யாக எழுதலாம். வீட்டுப்பாடம்தானே. மக்தாவுக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் பேனா நகரவில்லை.

அவளுக்குப் பசிக்கும் முன் எனக்குத் தெரிந்துவிடும். கண்ணை ஒரு மாதிரி சுருக்குவாள். தண்ணீர் வேண்டுமென்றால் உதட்டைக் கடிப்பாள். அவள் உதட்டைக் கடிக்கும்போது என் கையில் டம்ளர் இருக்கும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அதையும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 23, புதன்

பாலர் பள்ளியில் ஷாத்னியா என்று ஓர் அறை இருக்கிறது. குழந்தைகள் செருப்பு மாற்றி, கோட்டு மாட்டிக்கொள்கிற இடம். எழுதப் படிக்கத் தெரியாததால் ஆளுக்கொரு படம் ஒட்டிய கொக்கி. தாரகைக்குக் குடை. அந்தக் குடையின் கீழே நான் மண்டியிட்டு இரண்டு நிமிடத்தில் பூட்ஸ், கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக் கிளப்பிவிடுவேன். போலிஷ் அம்மாக்கள் எதிர் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகள் தரையில் உருண்டு புரண்டு ஒரு காலைப் பூட்ஸுக்குள் நுழைக்கப் பத்து நிமிடம் போராடும். இவ்வளவு நாளும் இவர்களுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையோ என்று நினைத்திருந்தேன்.

இன்று ஆசிரியை எவெலினா வந்து பக்கத்தில் நின்றார். எனக்காக மெதுவாக, கையையும் காலையும் காட்டிப் பேசினார். நாலைந்து சொல் விடுபட்டாலும் முழுதாகப் புரிந்தது.

"தாரா தினமும் பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்துக்குப் போகும்போது தானே பூட்ஸ் போட்டுக்கொள்கிறாள். நாங்கள் தொடுவதில்லை. நீங்கள் வந்தால் மட்டும்தான் காலை நீட்டுகிறாள்."

தாரகையைப் பார்த்தேன். மகாராணி மாதிரி காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள்.

சிரிப்பு வந்தது. டிராமில் உட்கார்ந்ததும் அழுகையும் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

இங்கே குளிர்கால நேரம் தொடங்குவதால் இன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் திருப்பினோம். நாலே முக்காலுக்கே இருட்டு. விளையாட்டுத் திடலிலிருந்து திரும்பும்போது அவள் கன்னம் பனிக்கட்டியாக இருந்தது. யோசிக்காமல் கேட்டுவிட்டேன், "குளிருதா சாமி?"

நின்றுவிட்டாள். நின்று, என் வாயைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் எத்தனையோ தடவை இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் வாயைப் பார்த்ததில்லை.

அண்ணிக்குத் தெரிய வேண்டாம். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தமிழிலேயே பேசினேன். டிராம் பாரு, நாய் பாரு, அந்த மாமா தொப்பியைப் பாரு, காத்துல பறக்குது. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. இவ்வளவு பேச்சு எனக்குள் இருந்ததா?

நவம்பர் 1

நேற்று தீபாவளி. சின்னதாக அதிரசம், நாலு விளக்கு. இன்று இங்கே கல்லறைத் திருநாள். ஊரே தன் செத்தவர்களுக்கு விளக்கு வைக்கிறது. கல்லறைத் தோட்டச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கில் சிவப்பும் மஞ்சளுமாக. தாரகை இவர் தோளில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்தாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

ஷாத்னியாவில் இன்று நானும் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

தாரகை காலை நீட்டினாள். நான் போகவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினாள். என்னைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கை கிளம்பப் பார்த்தபோதெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன்: இரு சுகந்தி. இரு. இரு.

ஏழாவது நிமிடத்தில் அழுதாள். நான் எழுந்து போய்ப் போட்டுவிட்டேன்.

நவம்பர் 7, வியாழன்

எவெலினா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இங்கே ஒவ்வொரு நாளும் இரண்டு பிள்ளைகள் சாப்பாட்டு மேசைப் பொறுப்பு. பதினெட்டுப் பேருக்கும் ஸ்பூன் வைக்க வேண்டும். இன்று தாரகையின் முறை. வைத்துக்கொண்டே போனதில் ஒன்று குறைந்திருக்கிறது. நேராகச் சமையலறை வாசலுக்குப் போய்க் கையை நீட்டி நின்றாளாம். சமையல்காரம்மா ஸ்பூன் தரும்வரை நகரவே இல்லையாம்.

"பேசினாளா?"

"இல்லை. ஆனால் கேட்டாள்" என்றார் எவெலினா.

முதல் வாக்கியம்: என் மகள் ஒரு ஸ்பூன் எடுத்து வந்தாள். வால் சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

நவம்பர் 12, செவ்வாய்

பூட்ஸ்: பதினொரு நிமிடம். இடதும் வலதும் மாறிப் போட்டாள். அப்படியே நடத்திக் கூட்டி வந்தேன். டிராமில் ஒரு பெரியவர் காலைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். பார்க்கட்டும்.

இரு சுகந்தி என்பது இப்போது வாய்விட்டே வருகிறது. சமையலறையில் அவள் டம்ளரை எட்டும்போதும், சட்டைக்குள் தலை மாட்டிக்கொள்ளும்போதும். இரு, இரு, இரு. பைத்தியம் மாதிரி.

மூன்று வாக்கியம் ஆகிவிட்டது.

நவம்பர் 13

மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது.

நவம்பர் 19, செவ்வாய்

ரொட்டிக் கடையில் வழக்கமாக விரலை நீட்டிக் காட்டி வாங்கிவிடுவேன். இரண்டு வருடமாக அப்படித்தான். இன்று தாரகை பக்கத்தில் நின்று என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை மடக்கிக்கொண்டேன். வாயால் கேட்டேன். கடைக்காரப் பெண் பதிலுக்கு ஏதோ கேட்டாள், புரியவில்லை, மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னாள். துண்டு போடவா வேண்டாமா என்று கேட்டிருக்கிறாள். வேர்த்துவிட்டது. வெளியே பூஜ்ஜியம் டிகிரி.

இந்த வீட்டில் பேசாதவள் அவள் ஒருத்திதானா என்று ஒரு நினைப்பு வந்தது. அதைப் பற்றி எழுத இப்போது தெம்பில்லை.

நவம்பர் 26, செவ்வாய்

இவர் சாப்பிடும்போது மடிக்கணினியைத் திறந்தார். "வெள்ளிக்கிழம ராத்திரியோட இந்த டிக்கெட் போயிரும். ரெண்டும் போட்டறட்டுமா?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னேன், "உங்களுக்கு மட்டும் போடுங்க."

"என்ன?"

"தாருவ அனுப்ப மாட்டேங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான். "இத்தன நாளா ஒண்ணுமே சொல்லலையே நீ?"

"சொல்லல. இப்பச் சொல்றேன்."

"அவ அங்க போனாப் பேசிடுவான்னா?"

"பேசட்டும், பேசாமப் போகட்டும். எங்கூட இருந்து பேசாம இருக்கட்டும்."

அவர் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். தாரகை தன் தட்டில் ஒவ்வொரு பருக்கையாக எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே பாதி, வாயில் பாதி.

"எனக்கு மட்டும் பயம் இல்லைன்னா நெனைக்கிற?" என்றார். "ஆபீஸ்ல எல்லாரும் மேசையில புள்ளைங்க ஃபோட்டோ வெச்சு, அது இதச் சொல்லுச்சு, அதச் சொல்லுச்சுன்னு பேசறாங்க. நான் எந்திரிச்சு காபி எடுக்கப் போயிருவேன்."

இது எனக்குத் தெரியாது. நாலு வருடம் ஆகிறது கல்யாணமாகி. எனக்குத் தெரியாது.

"அக்காகிட்ட நீதான் சொல்லணும்" என்றார். பிறகு, "வெள்ளிக்கிழம வரைக்கும் பாக்கலாம்" என்றும் சொன்னார். இரண்டில் எது முடிவு என்று கேட்கவில்லை.

நவம்பர் 27, புதன்

அண்ணியிடம் சொன்னேன். "உன்ர இஷ்டம் கண்ணு. நாளைக்கி எதாச்சும்னா என்னயச் சொல்லப்புடாது" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். தமிழில் பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிட்டேன். அதற்கு அவர், "நானும் ஊட்ல எம்புள்ளைகள அப்படித்தான் வளத்தேன். ஸ்கூலுக்குத்தான் அந்த இங்கிலீஷுப் பேச்செல்லாம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

ஒன்பது வாக்கியம்.

நவம்பர் 29, வெள்ளி

ஆண்ட்ரூ திருநாளுக்கு முந்தின நாள் இது. இன்றைக்கு இங்கே எல்லாரும் குறி பார்ப்பார்களாம். பாலர் பள்ளியில் அதையே விளையாட்டாக வைத்து, பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். இவர் அலுவலகம் முடிந்து நேராக வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். நான் மட்டும் போனேன்.

ஷாத்னியாவில் ஆளுக்கொரு பூட்ஸைக் கழற்றி, சுவரிலிருந்து வாசலை நோக்கி ஒன்றன் பின் ஒன்றாக வரிசை வைத்தார்கள். கடைசிப் பூட்ஸை எடுத்து முன்னால் வைப்பது, மறுபடி கடைசியை எடுத்து முன்னால் வைப்பது. இப்படியே வரிசை ஊர்ந்து ஊர்ந்து வாசலை நெருங்குகிறது. எந்தப் பூட்ஸ் முதலில் நிலையைத் தாண்டுகிறதோ அந்தப் பிள்ளைதான் முதலில் வீட்டை விட்டுப் போகுமாம். பெரியவர்களுக்கு அது கல்யாணம். குட்டிகளுக்குப் பயணம்.

ஊதா நிறப் பூட்ஸ், குதிகாலில் வெள்ளை நட்சத்திரம். நான் வாங்கியது. அது நிலையைத் தாண்டியது.

எல்லாரும் கை தட்டினார்கள். "தாரா போகிறாள்! தாரா போகிறாள்!" என்று பிள்ளைகள் குதித்தன. ஓர் அம்மா என் தோளைத் தட்டிச் சிரித்தாள். விளையாட்டுதான், எனக்குத் தெரியாதா? ஆனால் நான் எழுந்துவிட்டேன். அந்தப் பூட்ஸை இந்தப் பக்கம் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் மனதில் இல்லை.

அதற்குள் அவள் போய்விட்டாள். ஒற்றைக் காலில் காலுறையோடு நொண்டி நொண்டி வாசலுக்குப் போய், பூட்ஸை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். குடைப் படத்தின் கீழே உட்கார்ந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு காலை நுழைத்தாள். குதிகால் மடங்கி மாட்டிக்கொண்டது. இழுத்தாள். வரவில்லை. முகம் சிவந்துவிட்டது.

நான் அவள் முன்னால் மண்டியிட்டிருந்தேன். எப்போது அங்கே வந்தேன் என்று தெரியாது. என் கை போய்க்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கையைப் பிடித்து ஒதுக்கினாள். தலை நிமிராமல், பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்.

"இரும்மா."

சுற்றிலும் ஒரே கூச்சல். வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. நான் அப்படியே இருந்தேன். முழங்கால் வலித்தது, இருந்தேன். குதிகால் உள்ளே போனது. எழுந்து நின்று தரையில் இரண்டு தடவை உதைத்துப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது இவர் கதவைத் திறந்தார். தாரகை வாசலிலேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றத் தொடங்கினாள். இவர் வழக்கம்போலக் குனிந்தார்.

"இரு" என்றாள்.

குனிந்தவர் நிமிரவே இல்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பெரிய ஆள், ஆறடி, அப்படியே கால்மிதியில் உட்கார்ந்துவிட்டார். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கதவைச் சாத்தத் தோன்றவில்லை, மாடிப்படிக் குளிரெல்லாம் உள்ளே வந்தது. இடது பூட்ஸ் கழல எட்டு நிமிடம். வலதுக்கு ஆறு.

பிறகு அவர் போய் டிக்கெட் போட்டார். ஒன்று.

நவம்பர் 30, சனி

இட்லி இன்று நன்றாக வந்தது.

பத்தாவது வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டேன்: என் மகள் என்னை இருக்கச் சொன்னாள். இதில் 'கெட்' எங்கே இருக்கிறது என்று மக்தா செவ்வாய்க்கிழமை கேட்பாள். கேட்கட்டும்.